பூட்டிக் கிடந்த நாப்பத்திமூணு வீடு

வீட்டுல அவனுக்குப் பேரு சின்னவன். வயசு முப்பத்தொண்ணு ஆச்சு, கல்யாணம் ஆகி நாலு வயசுல ஒரு பொண்ணும் இருக்கு, இருந்தாலும் அவன் சின்னவன்தான். அவனுக்கு அப்புறம் அந்த வீட்டுல யாரும் பொறக்கல, அதனால அந்தப் பேரை இறக்கி வைக்க ஆள் கிடைக்கல. பொண்டாட்டியும் பொண்ணும் ஊருல இருக்க, இப்போ அவன் மட்டும் தனியா இருக்கிறது கடல் தாண்டி ஒரு ஊரு. அந்த ஊரு நகராட்சி ஆபீசுக்குப் பின்னாடி, ரோட்டுல பனி உறைஞ்சா தூவுறதுக்கு உப்பு மூட்டை அடுக்கி வெச்சிருக்கிற ஷெட்டு ஒண்ணு. அதுக்கு மேல மரப்படி ஏறிப் போனா நீளமா ஒரு ரூம். அதுதான் அவன் வேலை பார்க்கிற இடம். ரூமுக்கு ஒரே ஜன்னல். ஹீட்டர் இருக்கு, போட்டா கால் சுடும், தலை குளிரும்.

நகராட்சியில வேலைன்னு அவன் போன்ல சொன்ன அன்னைக்கே ஊருல அது கவர்ன்மென்ட் வேலை ஆயிடுச்சு. மாமனார் சட்டையை மாட்டிக்கிட்டு தெருவுல நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துட்டார். கவர்ன்மென்ட் வேலைன்னா நம்ம ஆளுங்களுக்கு ஒரே அர்த்தம்தான், உள்ள போனா ரிட்டயர் ஆகித்தான் வெளிய வரணும். இது அப்படி இல்ல மாமா, மேலிடம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு மானியம் குடுத்திருக்கு, அது ஓடுற வரைக்கும்தான் இந்த வேலையும் ஓடும்னு அவன் அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்றதுக்கு வாயைத் திறக்கவும் செஞ்சான். அதுக்குள்ள மாமியார் போனை வாங்கி சந்தோஷத்துல அழ ஆரம்பிச்சுட்டாங்க. அழுறவங்ககிட்ட மானியம் கீனியம்னு எங்க பேசுறது. சரி, ரெண்டு வருஷம் ஓடியாடி உழைச்சா நம்மளை விட்டுடவா போறாங்க, பெர்மனென்ட் பண்ணிட்டாங்கன்னா சொல்ல வேண்டிய அவசியமே வராதுன்னு மனசைத் தேத்திக்கிட்டான்.

வேலை என்னன்னா, குழாய் பார்க்கிறது. அந்த ஊருல பழைய வீடுங்க ஜாஸ்தி. தெருவுல இருந்து வீட்டுக்குள்ள தண்ணி வர்ற குழாய் சில வீட்டுல ஈயத்துல இருக்கும். ஈயம் தண்ணியில இறங்குனா சின்னப் பிள்ளைங்களுக்கு ஆகாது. எந்த வீட்டுல ஈயம்னு தெரிஞ்சாத்தானே தோண்டி மாத்துறது. அதனால வீடு வீடாப் போய்ப் பார்த்து எழுதணும். மொத்தம் நாலாயிரத்து நூத்திப் பத்து வீடு. பார்க்கிறதுக்கு ரெண்டே ஆளு.

ஒவ்வொரு வீட்டுலயும் பேஸ்மென்டுல இறங்கணும். பழைய சைக்கிள், உடைஞ்ச தொட்டில், யாரும் திறக்காத அட்டைப்பெட்டி, எல்லாத்தையும் நகட்டிட்டு மூலையில மீட்டர் எங்கன்னு தேடணும். மீட்டருக்கு முன்னாடி இருக்கிற குழாயில ஒட்டடையைத் துடைச்சுட்டு சாவியால மெதுவா ஒரு கீறு. செம்புக் காசு மாதிரி தெரிஞ்சா செம்பு. காந்தம் ஒட்டினா இரும்பு. காந்தமும் ஒட்டாம, கீறின இடம் வெள்ளி மாதிரி பளிச்சுன்னு மின்னி, சாவி வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்கினா அது ஈயம். போட்டோ எடுத்து, தாள்ல எழுதி, வீட்டுக்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கி, கதவோரம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டு அடுத்த வீடு. சில வீட்டுல நாய். சில வீட்டுல ஒரு ஆள் டார்ச் லைட்டோட பின்னாடியே வந்து, ஈயம் இல்லன்னு சொல்ற வரைக்கும் மூச்சே விடாம நிப்பார்.

அவன்கூட வேலை பார்த்தது ஒரு அக்கா. நம்ம பாஷைக்காரங்கதான், கல்யாணம் ஆகி அந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷம். ஆபீசுல அவங்களுக்குப் பட்டப்பேரு அஞ்சாம் திட்டம். அந்தப் பேரை வெச்சதே அவங்கதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மானியத்துல ஓடுற அஞ்சாவது திட்டம் அவங்களுக்கு இது.

"மரம் எண்ணியிருக்கேன், தெருவிளக்கு எண்ணியிருக்கேன், நடைபாதையில இருக்கிற பள்ளம் எண்ணியிருக்கேன், வெள்ளம் புகுந்த வீடு எண்ணியிருக்கேன், இப்ப குழாய். இந்த ஊருல நான் எண்ணாம விட்டது என் தலைமுடிதான், அதுவும் இப்ப எண்ணுற அளவுக்குக் குறைஞ்சு போச்சு" அப்படின்னு முதல் நாளே அவங்க சொன்னாங்க. அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். வேலையில சேந்த பதட்டத்துல அன்னைக்கு எதுக்குமே சிரிச்சிருப்பான்.

அக்கா நிதானம். படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் வெச்சு வெச்சுத்தான் இறங்குவாங்க. முட்டி வலி. வீட்டுக்காரங்க டீ குடுத்தா உக்காந்து குடிப்பாங்க, அவங்க பிள்ளைங்க கதை எல்லாம் கேப்பாங்க. தாள்ல முதல்ல பென்சில்ல எழுதி, வண்டிக்கு வந்து அதுக்கு மேல பேனாவால எழுதுவாங்க. ஒரு நாளைக்கு நாலு வீடு, மிஞ்சிப் போனா அஞ்சு. இவனுக்கு அது ஆகாது. ரெண்டு ரெண்டு படியாத் தாவி, அக்கா ஒரு வீட்டுல இருக்கும்போதே பக்கத்து ரெண்டு வீட்டை முடிச்சுட்டு வந்து நிப்பான். மத்தியானம் வண்டிக்குள்ளயே ஹீட்டரைப் போட்டுக்கிட்டு சாப்பிடுவாங்க. இவன் டப்பாவுல சோறும் முட்டையும், அவங்க டப்பாவுல ரொட்டியும் உருளைக்கிழங்கும். கண்ணாடி எல்லாம் ஆவி படிஞ்சு வெளிய ஒண்ணும் தெரியாது. நாள் முழுக்க யாரோ ஒருத்தர் வீட்டுக்குள்ள நுழையறவனுக்கு, அந்த அரைமணி நேரம்தான் ஏதோ தன் வீடு மாதிரி இருக்கும்.

அப்பத்தான் அக்கா சொல்வாங்க. "என்னப்பா, பந்தயத்துலயா ஓடுற? சீக்கிரம் முடிச்சா மெடல் குத்த மாட்டாங்க, கேட்டைத்தான் காட்டுவாங்க. மெதுவாப் போ."

அவன் தலையை ஆட்டுவான். உள்ளுக்குள்ள, முட்டி வலிக்கு ஒரு சாக்குன்னு நினைச்சுக்குவான். சூப்பர்வைசர் சுவத்துப் பலகையில வாரா வாரம் எத்தனை வீடு முடிஞ்சுதுன்னு எழுதுவார். நம்பர் ஏற ஏற, யாரோ மேல உக்காந்துக்கிட்டு தன்னைப் பார்க்குறாங்கன்னு அவனுக்கு ஒரு நம்பிக்கை.

பூட்டின வீட்டுக்குன்னு ஒரு விதி இருந்துச்சு. போய் ஆள் இல்லன்னா, ரெண்டு வாரம் விட்டு வேற கிழமையில போகணும். அப்பவும் இல்லன்னா இன்னும் ரெண்டு வாரம். மூணு தடவையும் பூட்டுன்னா தபால் போட்டு அறுபது நாள் காத்திருக்கணும். அந்த மாதிரி வீடு மொத்தம் நாப்பத்திமூணு. எல்லாம் அக்காவோட பச்சை ஃபைல்ல இருந்துச்சு. ஒவ்வொரு வீட்டுக்கும் எதிர்ல அடுத்துப் போக வேண்டிய தேதி பென்சில்ல, மார்ச், ஏப்ரல், மே, ஜூன் வரைக்கும். டிசம்பரோட மத்த வீடெல்லாம் முடிஞ்சு போச்சு. ஜனவரி, பிப்ரவரியில ஈயம் இருந்த வீட்டுக்கெல்லாம் மறுபடி போய்த் தாளைச் சரிபார்க்கிறது, மார்ச்ல இருந்து வாரத்துக்கு ரெண்டு மூணு பூட்டின வீடு, அதுதான் அக்காவோட கணக்கு.

அந்த ஜனவரியில ஒரு நாள், அக்கா ஒரு வீட்டுப் படியில பாதியில நின்னுட்டாங்க. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டு நின்னாங்க. முட்டி வீங்கி, பேன்ட்டுக்கு மேலயே தெரிஞ்சுது. இவன் கையைப் பிடிச்சு ஏத்தி விட்டான். அன்னைக்குத்தான் அவனுக்கு அந்த யோசனை வந்துச்சு. பாவம், இன்னும் நாப்பத்திமூணு வீட்டுப் படி இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஏறி இறங்கணுமே. நாமளே முடிச்சுக் குடுத்துட்டா என்ன.

பச்சை ஃபைல்ல இருந்த விலாசத்தைக் குறிச்சுக்கிட்டு, சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை, வேலை முடிஞ்ச சாயந்திரம்னு தனியாப் போக ஆரம்பிச்சான். யாரும் அனுப்பல, எங்கயும் எழுதல. ரூம்ல உக்காந்திருந்தா மட்டும் என்ன ஆகப் போகுது. அவன் தங்கியிருந்தது துணி துவைக்கிற கடைக்கு மேல ஒரு ரூம், அலமாரிக் கதவைத் திறக்கணும்னா கட்டில் மேல ஏறி நிக்கணும். லீவு நாள்ல காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அவன் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது. கடையில போய் ரொட்டி எடுத்துட்டு வந்தாக்கூட மிஷின்தான் பில் போடும். குளிர்ல அடுத்தவங்க வீட்டு வாசப்படியில உக்காந்து காத்திருக்கிறது அதை விடப் பரவாயில்ல.

பகல்ல தூங்கி ராத்திரி வேலைக்குப் போற நர்ஸ் ஒருத்தங்க, அவங்களை அவங்க கிளம்புற நேரத்துல பிடிச்சான். கோர்ட்டுல கேஸ் நடக்கிற அண்ணன் தம்பி மூணு பேர் வீடு ஒண்ணு. வாசக் கதவுக்கு மூணு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி. மூணு பேரையும் ஒரே ஞாயித்துக்கிழமை வரவெச்சு, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காம திறக்க வெச்சான். குழாய் என்னமோ வெறும் செம்புதான். ஏழு வாரத்துல நாப்பத்திமூணும் முடிஞ்சுது. பிப்ரவரிக் கடைசியில ஒரு திங்கக்கிழமை சீக்கிரமே ஆபீசுக்கு வந்து எல்லாத் தாளையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, அதையெல்லாம் பச்சை ஃபைல்ல கோத்து அக்கா மேஜையில வெச்சு, அதுக்கு மேல ஒரு சாக்லேட்டும் வெச்சான்.

அக்கா வந்தாங்க. சாக்லேட்டை நகட்டிட்டு ஃபைலைத் திறந்தாங்க. ஒவ்வொரு பக்கமாத் திருப்பினாங்க. திருப்பத் திருப்ப முகத்துல ஒண்ணுமே தெரியல.

"எப்பப்பா போன?"

"லீவு நாள்லதான் அக்கா. உங்களுக்கு இனிமே படி ஏறுற வேலையே இல்ல."

"கம்ப்யூட்டர்ல ஏத்திட்டியா?"

"எல்லாம் ஏத்தியாச்சு."

அக்கா எந்திரிச்சு மரப்படியில இறங்கிக் கீழ போனாங்க. உப்பு மூட்டைக்கு நடுவுல ரொம்ப நேரம் நின்னாங்க. மேல ஜன்னல்ல இருந்து பார்த்த இவன், அக்கா மனசு நெகிழ்ந்து போச்சுன்னு நினைச்சான்.

மறுநாள் செவ்வாக்கிழமை சூப்பர்வைசர் ஒரு கேக்கோட வந்தார். பலகையில நாலாயிரத்து நூத்திப் பத்துன்னு எழுதி அதைச் சுத்தி வட்டம் போட்டார். நாலு மாசம் முன்னாடியே முடிச்ச திட்டம் இந்த ஆபீஸ் சரித்திரத்துலயே கிடையாதுன்னு சொல்லி இவன் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். இவன் கேக்கை வாயில வெச்ச நேரம், ஆள் எடுக்கிற செக்‌ஷன்ல இருந்து ஒரு அம்மா ரெண்டு கவரோட படியேறி வந்தாங்க. ஆளுக்கு ஒண்ணு. உள்ள நாலு வரிதான். திட்டம் நிறைவடைந்ததால, இன்னையில இருந்து இருபத்தெட்டாம் நாளோட பணி முடியுதுன்னு எழுதியிருந்துச்சு. அக்கா கவரைப் பிரிக்கவே இல்ல. மடிச்சு ஸ்வெட்டர் பையில வெச்சுக்கிட்டாங்க.

புதன்கிழமை காலையில இவன் அந்த அம்மாவைத் தேடிப் போனான். மேஜை மேல சின்னத் தொட்டியில ஒரு செடி, பக்கத்துல இவனோட ஃபைலை ஏற்கெனவே எடுத்து வெச்சிருந்தாங்க. வருவான்னு தெரிஞ்சிருக்கு.

ஏழாம் பக்கத்தைத் திருப்பி இவன் பக்கம் தள்ளினாங்க. திட்டம் முடியிற நாள், இல்லன்னா மானியம் முடியிற நாள், எது முன்னாடி வருதோ அன்னைக்கு வேலை முடியும். அடியில இவன் கையெழுத்து. போட்ட அன்னைக்கு அவன் அதைப் படிக்கல. படிச்சா சந்தேகப்படுற ஆளுன்னு நினைச்சுடுவாங்களோன்னு, பேனாவை வாங்கின வேகத்துல எல்லாப் பக்கத்துலயும் போட்டுக் குடுத்துட்டான்.

"மானியம் ஜூன் வரைக்கும் இருக்கே மேடம்."

"மானியம் இருக்கு. எண்ணுறதுக்குத்தான் வீடு இல்ல."

"வேற செக்‌ஷன்ல ஏதாவது? எதுவா இருந்தாலும் செய்வேன். குப்பை வண்டி ஆனாலும் சரி."

"உள்ள காலியாகிற வேலைக்கு உள்ள இருக்கிறவங்க விண்ணப்பிக்கணும்னா, இருபத்திநாலு மாசம் விடாம இருந்திருக்கணும். உங்களுக்கு இருபதுதான் ஆகுது. இந்த இருபத்தெட்டு நாளைச் சேத்தாலும் இருபத்தொண்ணு. வெளியாள் மாதிரி விண்ணப்பிக்கலாம், அதை யாரும் தடுக்க மாட்டாங்க."

"நான் லீவு நாள்லயும் வந்திருக்கேன் மேடம். ஏழு வாரம். அதையெல்லாம் சேத்தா?"

அந்த அம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. "நீங்க வந்ததா எங்கயும் எழுதலையே."

"எழுதல. சும்மாதான் வந்தேன்."

"அனுமதி இல்லாம அப்படி வரக் கூடாது. வந்தேன்னு சொன்னா உங்க மேலதான் நடவடிக்கை வரும். அதனால நீங்க இப்ப சொன்னது என் காதுல விழல." சொல்லிட்டு அவங்களே சங்கடமாச் செடியோட இலையைத் தொட்டுப் பார்த்தாங்க.

குடும்பத்தைக் கூட்டிட்டு வர்றதுக்கு, இன்னும் ஒரு வருஷம் வேலை இருக்குன்னு ஆபீஸ்ல ஒரு லெட்டர் குடுக்கணும். அதைக் கேக்கத்தான் அவன் இந்த வாரம் வர்றதா இருந்தான். கேட்டும் பார்த்தான். ஒரு மாசம் இருக்குன்னு வேணா எழுதித் தரேன்னாங்க. எந்திரிக்கும்போது, ஒரு வீடு பாக்கி இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்டான்.

"ஒரு வீடு பாக்கி இருந்தாலும் திட்டம் திறந்துதான் இருக்கும்."

அன்னைக்குச் சாயந்திரம் ரூமுக்கு வந்ததும் பொண்டாட்டி கூப்பிட்டா. ஊருல கடிகாரம் இங்கத்தை விட நாலரை மணி நேரம் முன்னாடி ஓடும், அதனால பாப்பாவைத் தூங்க வெச்சுட்டு மெதுவாத்தான் பேசினா, ஆனா பேச்சு நிக்கவே இல்ல. வீட்டுக்குப் பக்கத்து ஸ்கூல்ல அவ ஆறு வருஷமா டீச்சர். இங்க கிளம்பி வர்றதுன்னா வர்ற வெள்ளிக்கிழமை ஸ்கூல் விடுற நேரத்துல ராஜினாமா லெட்டர் குடுக்கணும்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிட்டாங்களாம். அவ இடத்துக்கு ஒரு பொண்ணு ஏற்கெனவே காத்துக்கிட்டு இருக்காளாம், திங்கக்கிழமையே வந்து கூட இருந்து பழகிக்கப் போறாளாம். பிள்ளைங்க எல்லாம் மிஸ் போகாதீங்கன்னு ஒரே அழுகையாம். பாப்பா தன்னோட செருப்பு, பொம்மை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வெச்சுக்கிட்டு தினமும் காலையில இன்னைக்கா, இன்னைக்கான்னு கேக்குறாளாம்.

"என்னங்க, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். லெட்டர் குடுத்துட்டா அப்புறம் திரும்ப வாங்க முடியாது. அந்தப் பொண்ணு வந்து உக்காந்துடுவா. எல்லாம் சரியாத்தானே இருக்கு அங்க?"

உண்மையைச் சொல்ல இதை விட நல்ல இடம் கிடைக்காது. கதவைத் திறந்து வெச்சுட்டு உள்ள வான்னு கூப்பிடுற மாதிரி கேட்டா. அவன் கட்டில் விளிம்புல உக்காந்திருந்தான். கீழ கடையில துணி மிஷின் சுத்துறது பாதத்துல அதிர்ந்துச்சு.

"சரியாத்தான் இருக்கு" அப்படின்னான்.

"நீங்க ஏன் ஒரு மாதிரி பேசுறீங்க?"

"குளிரு. தொண்டை கட்டியிருக்கு."

சுடுதண்ணி குடிங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டா. அவன் எந்திரிச்சு நிஜமாவே சுடுதண்ணி போட்டுக் குடிச்சான்.

வியாழக்கிழமை ரெண்டு பேருக்கும் குடுத்த வேலை, எல்லாத் தாளையும் தெருவாரியா அட்டைப்பெட்டியில கட்டி வைக்கிறது. திங்கக்கிழமையில இருந்து அக்கா இவன்கிட்ட, அதை எடு, இதை வை, அவ்வளவுதான் பேசியிருந்தாங்க. மத்தியானம் வண்டிக்குள்ளயும் தனித்தனியா ஜன்னல் பக்கம் திரும்பித்தான் சாப்பிட்டாங்க. பெட்டி கட்டிக்கிட்டே இருந்தவன் தாங்க முடியாம, அக்கா என்னைத் திட்டிடுங்கன்னு கேட்டான்.

"திட்டினா? நாப்பத்திமூணு வீட்டையும் திரும்பப் பூட்டிட்டு வந்துடுவியா?"

அக்கா கயிறைப் பல்லால கடிச்சு அறுத்தாங்க. அப்புறம் தானாவே சொன்னாங்க. ஒம்போது வருஷமா இந்த ஆபீசுல இருக்காங்க, ஆனா எந்தத் திட்டமும் முழுசா ரெண்டு வருஷத்தைத் தொட்டது இல்ல. ஒரு திட்டம் முடிஞ்சு அடுத்தது தொடங்க முப்பது நாளுக்கு மேல ஆனா, செஞ்ச மாசமெல்லாம் அழிஞ்சு மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பம். நாலு தடவையும் முப்பத்திரெண்டு நாள், முப்பத்தஞ்சு நாள்னு சரியாத் தாண்டிடும். முட்டி ஆபரேஷனுக்கு ஆறு வாரம் படுக்கணும்னு டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆச்சு. டெம்பரரிக்கு மொத்தமே அஞ்சு நாள்தான் லீவு. இந்தத் தடவை ஜூன் முடிஞ்சா இருபத்திநாலு மாசம், உள்ள ஒரு பெர்மனென்ட் வேலை காலியாகுது, லைப்ரரியில, உக்காந்து செய்யிற வேலை, அப்புறம் லீவு போட்டுட்டு ஆபரேஷன். டாக்டர்கிட்ட தேதிகூடக் கேட்டு வெச்சிருந்தாங்க.

"சொல்லியிருக்கலாமே அக்கா."

"இருபது மாசமா என்ன சொன்னேன்? மெதுவாப் போ, மெதுவாப் போன்னு. வேற எப்படிச் சொல்றது? ஜூன் வரைக்கும் இழுக்கிறேன்னு வாய்விட்டுச் சொன்னா அது மோசடி. விதிப்படி ரெண்டு வாரம், அறுபது நாள்னு காத்திருந்தா அது வேலை. உனக்கா புரியும்னு இருந்தேன்." அடுத்த பெட்டியை இழுத்து வெச்சுக்கிட்டு, "என் காலுக்காகத்தான் போன. அதான் திட்டவும் வாய் வர மாட்டேங்குது" அப்படின்னாங்க.

அவன் பெட்டி மேல தலையைக் கவுத்துக்கிட்டான். அக்கா ஒரு கட்டுத் தாளை எடுத்து அவன் மடியில வெச்சாங்க, தெருப் பேரைப் பார்த்து அடுக்குன்னு. அடுக்க ஆரம்பிச்சான். வீட்டுல சொல்லிட்டியான்னு கேட்டாங்க. இல்லன்னான். ஏன்னு கேட்டாங்க. வெள்ளிக்கிழமை லெட்டர் விஷயத்தைச் சொன்னான், அவ சரியாத்தானே இருக்குன்னு கேட்டது, தான் சரியாத்தான் இருக்குன்னு சொன்னது, எல்லாம்.

அப்பத்தான் அக்காவுக்கு நிஜமாவே கோபம் வந்துச்சு. குரல் ஏறல, ஆனா கையில இருந்த கயிறைப் பெட்டி மேல வீசினாங்க.

"என் முட்டியை விடு, அது எப்பவும் வலிக்கிற முட்டி. அந்தப் பொண்ணு ஆறு வருஷ வேலையை விட்டுட்டு வந்து நின்னா நீ எங்க இருந்து எடுத்துக் குடுப்ப? உன் வேலையை முடிச்ச, என் வேலையை முடிச்ச. ஒரே வாரத்துல இன்னும் எத்தனை பேரு வேலையைத்தான் முடிச்சு வெக்கிறதா உத்தேசம்?"

"அவ சந்தோஷமா இருக்கா அக்கா. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் சிரிக்கிறா."

"அவ சிரிப்பைக் கெடுக்கக் கூடாதுன்னு அவ சோத்துல கை வெக்கிறியா? இன்னைக்கே சொல்லு."

சாயந்திரம் கூப்பிட்டான். எடுக்கல. தூங்கியிருப்பா. மெசேஜ் எழுதினான், அழிச்சான், எழுதினான், அழிச்சான். காலையில அவ கிளம்புறதுக்கு முன்னாடி பிடிச்சுடலாம்னு நாலு மணிக்கு அலாரம் வெச்சான். அடிச்சுது. இந்நேரம் அவ பாப்பாவுக்குத் தலை வாரிக்கிட்டு இருப்பா, நேத்து எழுதி வெச்ச லெட்டரைக் கைப்பையில வெச்சிருப்பா. இன்னும் ரெண்டு நிமிஷம், இன்னும் ரெண்டு நிமிஷம்னு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். அப்படியே அங்க ஸ்கூல் மணி அடிச்சிருக்கும். டீச்சருங்க போனை எல்லாம் காலையில ஆபீஸ் டப்பாவுல போட்டுட்டா, ஸ்கூல் விட்டாத்தான் கைக்கு வரும்.

வெள்ளிக்கிழமை காலையில ஏழே முக்காலுக்கு அவன் ஆபீஸ் முற்றத்துக்கு வந்தப்போ அக்கா வண்டியை ஓட விட்டு, கண்ணாடியில உறைஞ்ச பனி இளகட்டும்னு உள்ள உக்காந்திருந்தாங்க. பெட்டியை எல்லாம் ரெக்கார்டு ரூமுக்குக் கொண்டு போகணும். அவன் முகத்தைப் பார்த்ததுமே, சொல்லலையான்னு கேட்டாங்க. அவன் ஏறி உக்காந்து கதவைச் சாத்தினான்.

போனை எடுத்தான். அவ நம்பர், அணைச்சு வெச்சிருக்கு. மாமனார், மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, சாப்பிட்டுப் படுத்திருப்பார். மாமியார்கிட்ட தனியா போன் கிடையாது. அண்ணன், எடுக்கல. ஸ்கூல் நம்பரைத் தேடிப் பிடிச்சுப் போட்டான், அது முழுசா அடிச்சு ஓஞ்சுது. திரும்பப் போட்டான், திரும்ப ஓஞ்சுது. அங்க மணி பன்னெண்டே கால். குடும்ப குரூப்ல பதினோரு பேர் இருக்காங்க, யாராவது ஒருத்தர் பார்க்காமலா போவாங்கன்னு அதைத் திறந்தான். குளிர்ல விரல் மரத்து எழுத்தெல்லாம் தப்பாப் போச்சு.

"கையால எழுதாத. பேசு, அதுவே எழுதிக்கும்" அப்படின்னாங்க அக்கா. இறங்கிக்கட்டுமான்னு கேட்டாங்க. அவன் வேண்டாம்னு தலையை ஆட்டினான். அவங்க அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கிட்டாங்க.

மைக்கை அழுத்தி, எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு ஆரம்பிச்சான்.

"விசாரிக்கிறதுக்கு நேரம் இல்ல" அப்படின்னாங்க அக்கா, திரும்பாமலே.

அழிச்சான். ஒரு சின்ன விஷயம்னு ஆரம்பிச்சான்.

"சின்ன விஷயமா?"

அதையும் அழிச்சான். ஹீட்டர் காத்து முகத்துல அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டான். இந்தத் தடவை நிறுத்தாமப் பேசினான், அவன் பேசப் பேச எழுத்து வரி வரியாக் கீழ இறங்குச்சு. முடிச்ச கையோட அனுப்பிட்டான்.

"நான் சின்னவன் பேசுறேன். என் வேலை முடியுது. இன்னும் இருபத்தஞ்சு நாள்தான் இருக்கு. இது பெர்மனென்ட் வேலை இல்ல, ஆரம்பத்துல இருந்தே இல்ல, நான்தான் உங்க யாருகிட்டயும் சொல்லல. அவளும் பாப்பாவும் இப்போதைக்கு இங்க வர முடியாது. இது அவளுக்கும் தெரியாது. இன்னைக்கு ஸ்கூல் விடுறப்ப அவ ராஜினாமா லெட்டர் குடுக்கப் போறா, குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது. போன் அவ கையில இல்ல. இதை யாரு முதல்ல படிக்கிறீங்களோ, என்னை அப்புறம் திட்டிக்கோங்க, மூணரை மணிக்குள்ள ஸ்கூலுக்குப் போயிடுங்க. அந்த லெட்டரைக் குடுக்க வேண்டாம்னு அவகிட்ட சொல்லுங்க."